ஸ்மரன்: அபினும் ஞாபகமும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் தாடிக்கொம்பு. அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரங்கமண்டபத் தூண்களோடு நின்றுவிடுகிறார்கள். உலகளந்தவர், நரசிம்மர், ஊர்த்துவ தாண்டவர், அகோர வீரபத்திரர் என்று விஜயநகர காலத்துக்கே உரிய ஆர்ப்பாட்டமான உருவங்கள். அவற்றினிடையே ரதியும் மன்மதனும். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வியாழக்கிழமைகளில் வந்து இவர்களுக்குப் பூஜை செய்கிறார்கள். அதே கோயிலில் தன்வந்திரிக்கும் ஒரு சன்னிதி உண்டு. அமாவாசையன்று அவருக்குத் தைலாபிஷேகம், வந்தவர்களுக்கு லேகியம் பிரசாதம். அன்று வருகிற கூட்டம் வியாதிக்காரர்களின் கூட்டம்.

மன்மதனுக்கு ஸம்ஸ்கிருதத்தில் பல பெயர்கள். அமரகோசம் அடுக்கிச் சொல்லும் வரிசையில் ஸ்மரன் என்பதும் ஒன்று. ஸ்மரன் என்றால் ஞாபகம். ஸ்மரணை, ஸ்மிருதி எல்லாம் அதே தாதுவிலிருந்து வருபவை. வேட்கைக்கும் ஞாபகத்துக்கும் ஒரே பெயர் வைத்த அந்த அநாமதேய மூளையை நான் வெகுவாக மதிக்கிறேன். ஒன்றை வேண்டுவது என்பது அதை நினைத்துக்கொள்வதுதான். நினைப்பு நிற்காதவரை வேட்கையும் நிற்பதில்லை என்று அது கண்டிருக்கிறது. மருந்தின் தெய்வமும் ஞாபகத்தின் தெய்வமும் ஒரே மதிலுக்குள் இருப்பது தற்செயல்தான். தாடிக்கொம்பு ஸ்தபதிகளின் தலையில் இதற்குமேல் தத்துவம் எதையும் நான் ஏற்றப் போவதில்லை. ஆனால் அபின் என்ற பொருளின் சரித்திரம் முழுவதும் இந்த இருவருக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது. மருந்தென்று வாங்கப்பட்டது, ஞாபகமாகத் தங்கிவிட்டது. கடந்த ஐம்பது வருஷ மூளை ஆராய்ச்சி இதை எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் இங்கே விஷயம்.

இதை ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் வட்டத்தில் போதை பற்றி ஒரு பக்தி நிலவுகிறது. போதை பிரக்ஞையின் கதவுகளைத் திறக்கும், புதைந்த ஞாபகங்களை மேலே கொண்டுவரும், கவிதை அங்கிருந்து வரும் என்று. கஞ்சா, சாராயம், அபின் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவார்கள். டி க்வின்ஸியின் ஒரு பக்கத்தையும் புரட்டாத டி க்வின்ஸி சீடர்கள் நம்மிடையே உண்டு. மூலத்தைப் படித்திருந்தால் பக்தி இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்காது.

முதலில் சொல்லின் பயணம். கிரேக்கத்தில் ஓபியன், சாறு என்று அர்த்தம். அரபியில் அஃப்யூன். அரபு வியாபாரிகளோடும் ஹக்கீம்களோடும் இந்தியாவுக்கு வந்தபோது ஸம்ஸ்கிருதம் அதை அஹிபேனம் என்று மாற்றிக்கொண்டது: பாம்பின் நுரை. வெளிநாட்டுச் சொல்லை உள்ளூர்ப் பயமாக மொழிபெயர்த்த இந்தச் சாதுர்யம் ரசிக்கத்தக்கது. சரகர், சுச்ருதர் நூல்களில் அபின் இல்லை. சார்ங்கதர ஸம்ஹிதையில், அதாவது 13, 14ஆம் நூற்றாண்டு வாக்கில், இருக்கிறது. தமிழில் அபின், அபினி. அந்தச் செடியின் விதையான கசகசா நம் அடுக்களையில் எந்தக் குற்ற உணர்வுமில்லாமல் குருமாவில் அரைபடுகிறது. சாறு காயில்தான், விதையில் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

மேற்கில் அபின் முதலில் மறதியின் பொருளாகத்தான் இலக்கியத்துக்குள் வருகிறது. ஒடிஸியின் நான்காம் காண்டத்தில் டெலிமாக்கஸ் தகப்பனைத் தேடி மெனிலாஸின் வீட்டுக்கு வருகிறான். எல்லோரும் போரில் போனவர்களை நினைத்து அழத் தொடங்க, ஹெலன் மதுவில் ஒரு மருந்தைக் கலக்கிறாள். அதைக் குடித்தவன், தாயும் தகப்பனும் செத்தாலும் அன்று கண்ணீர் விடமாட்டான். எகிப்திலிருந்து வந்த மருந்து. அது அபின்தான் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள்; நிரூபிக்க வழியில்லை. வர்ஜில் கசகசாப் பூவையும் லீத்தியையும், அதாவது மறதியின் நதியையும், சேர்த்தே பேசுகிறான். ஹோமரின் நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹெலனின் மருந்து ஞாபகத்தை அழிப்பதில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு அவள் ட்ராய் நகரத்துக் கதையைத்தான் சொல்கிறாள். எல்லோரும் கேட்கிறார்கள். நினைவு இருக்கிறது, அதன் வலி மட்டும் இல்லை. நவீன மருத்துவம் மார்ஃபின் பற்றிச் சொல்வதற்கு இது வெகு அருகில் வருகிறது. வலி தெரிகிறது, ஆனால் தொந்தரவு செய்யவில்லை என்றுதான் மார்ஃபின் போட்டுக்கொண்ட நோயாளிகள் சொல்வார்கள்.

இனி கோலரிட்ஜ். 1797இல் ஒரு பண்ணை வீட்டில் அபின் எடுத்துக்கொண்டு தூங்கியதாகவும், தூக்கத்தில் 200, 300 வரிகள் தாமாக உருவானதாகவும், விழித்து எழுதத் தொடங்கியபோது போர்லாக் ஊரிலிருந்து ஒரு ஆள் ஏதோ காரியமாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டதாகவும், அவன் போனபின் எட்டுப் பத்து வரிகள் தவிர எல்லாம் கலைந்துபோனதாகவும் 1816இல் 'குப்ளா கான்' பிரசுரமானபோது அவரே முன்னுரையில் எழுதினார். 54 வரிகள் மிஞ்சின. இந்தக் கதையை நம்பாதவர்கள் உண்டு. எலிஸபெத் ஷ்னைடர் 1953இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, அபினுக்கும் கவிதைக்கும் உள்ள உறவைச் சந்தேகத்துக்குள்ளாக்கினார். எனக்கும் அந்தப் போர்லாக் ஆள்மீது சந்தேகம்தான். பாவம், மறதியின் பழியைச் சுமப்பதற்காகவே அவன் கதவைத் தட்டியிருக்கிறான். மருந்தின் கீழ் பதிந்தது மருந்து இறங்கியதும் எட்டாமல் போவது அதிசயமான விஷயமல்ல என்று இன்று சோதனைச்சாலை சொல்லும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு விவரம். கவிதையின் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கோலரிட்ஜ், வயிற்றுக் கடுப்புக்காக இரண்டு கிரெய்ன் எடை என்ற சொற்ப அபின் எடுத்ததாகக் குறிப்பு வைத்திருக்கிறார். நம் வைத்தியர்களும் வயிற்றுப்போக்குக்குத்தான் முதலில் அபினைக் கையிலெடுத்தார்கள். லண்டன் வேலைக்காரத் தாய்மார் காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் பானகத்தைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டுப் போனார்கள். பம்பாய் ஆலைகளுக்குப் போன தாய்மார் பாலகோலி என்ற அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அழாமல் தூங்கட்டும் என்றுதான். குடிசையும் கவியும் ஒரே மருந்துக்கு ஒரே காரணத்துக்காகப் போயிருக்கிறார்கள். தரிசனம் தேடி யாரும் போகவில்லை.

டி க்வின்ஸி 1804இல் முகவலிக்கும் பல்வலிக்குமாக லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடையில் வாங்கினார். 1821இல் 'ஓர் ஆங்கிலேய அபின் தின்னியின் வாக்குமூலம்' லண்டன் மாகஸினில் வந்தது. சிறுபிராயத்தின் அற்ப சம்பவங்கள்கூடக் கனவில் உயிர்பெற்று வந்தன, எதையும் மனம் முற்றாக மறப்பதில்லை என்று அதில் சாட்சி சொல்கிறார். 1845இல் எழுதிய தொடர்ச்சியில் மூளையை, சுரண்டிச் சுரண்டி மேலே மேலே எழுதப்பட்ட பழைய தோல் ஏட்டோடு ஒப்பிடுகிறார். அடி எழுத்து அழிவதில்லை. போதேலேர் இந்த உவமையில் மயங்கி 1860இல் தன் 'செயற்கைச் சொர்க்கங்க'ளில் அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார். நம்மவர்களின் பக்தி அங்கிருந்து, பல கை மாறி, வந்தது. ஆனால் டி க்வின்ஸியின் கனவுகளில் வந்ததெல்லாம் சொர்க்கமல்ல. பிரம்மாவும் விஷ்ணுவும் சிவனும் அவரைத் துரத்துகிறார்கள், முதலைகள் வருகின்றன, ஆசியாவே ஒரு பீதியாகிறது. இதில் ஒரு சரித்திர முரண் இருக்கிறது. இங்கிலாந்தில் அன்று விற்றது பெரும்பாலும் துருக்கி அபின். இந்திய அபின் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773இல் கம்பெனியின் ஏகபோகமாக்கிய பாட்னா, காஸிப்பூர் அபின் பெட்டிகள் கான்டனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் க்ராஸ்மியரில் துருக்கிச் சரக்கைத் தின்றுவிட்டு இந்தியக் கடவுள்களைக் கண்டு அலறிக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்தில் அபின் அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. திண்டுக்கல் சீமைக்குப் பெயர் வாங்கித் தந்த லாகிரி புகையிலை. ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. சென்னை மாகாணத்தில் அபின் பழக்கம் மிகுந்திருந்தது கோதாவரிப் பக்கம். 1878ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப்பின் அனுமதியில்லாமல் பயிரிட முடியாது. உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். 1893இல் லண்டனில் ஒழுக்கவாதிகள் போட்ட கூச்சலின் விளைவாக ராயல் அபின் கமிஷன் வந்தது. அபினின் தார்மீக, சரீர விளைவுகளை விசாரித்து 1895இல் ஏழு பாகங்களில் அறிக்கை தந்தது. இங்கிலாந்தில் மது எப்படியோ இந்தியாவில் அபின் அப்படி, தடைசெய்யத் தேவையில்லை என்பது தீர்ப்பு. வருமானம் காப்பாற்றப்பட்டது. பின்னால் கல்கத்தா வெப்பமண்டல நோய்ப் பள்ளியில் ஆர். என். சோப்ரா, தின்கிறவர்களையே நேரில் பார்த்து ஆராய்ந்து 1920களிலிருந்து எழுதினார். கமிஷனின் ஏழு பாகங்களைவிட அவருடைய சில கட்டுரைகளில் மனிதர்கள் அதிகம். சுதந்திரத்துக்குப் பின் 1949 மாநாடு பத்து வருஷக் கெடு வைத்தது. 1959 மார்ச் 31க்குப் பின் பதிவுசெய்துகொண்ட பழக்கக்காரர்களுக்கு மட்டும் ரேஷன். 1985இல் இன்றைய போதைப்பொருள் சட்டம்.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. தின்பதை விட்டு, உடம்பின் நடுக்கமும் வயிற்றுவலியும் தீர்ந்து, மாதக்கணக்கில் சுத்தமாக இருந்தவன் ஏன் திரும்பிப் போகிறான்? புத்தி கெட்டவன் என்பது ஊரின் பதில். பலவீனன் என்பது பாதிரியின் பதில். இரண்டும் வசைதான்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டனில், பாதி சிறை பாதி ஆஸ்பத்திரியாக ஒரு ஸ்தாபனம் 1935இல் திறந்தது. அங்கே ஆப்ரகாம் விக்லர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். மாதக்கணக்கில் மார்ஃபின் தொடாதவர்கள் கூடி உட்கார்ந்து பழைய நாட்களைப் பேசும்போது கொட்டாவி விட்டார்கள், மூக்கு ஒழுகிற்று, கண்ணில் நீர் வந்தது. மருந்து நின்ற முதல் நாட்களில் வரும் அதே அறிகுறிகள், உடம்பில் மருந்தின் சுவடே இல்லாதபோது. பேச்சு மட்டும்தான் இருந்தது. மணி அடித்தால் உமிழ்நீர் சுரந்த பாவ்லோவின் நாய்தான் இது என்று விக்லர் 1948இல் எழுதினார். உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. அபின் அடிமைத்தனம் என்பதன் ஒரு பெரும் பகுதி, பாடம்.

வெகுநாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசாயனம் முன்னே போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸெர்டுர்னர் என்ற ஜெர்மன் மருந்துக் கடைக்காரர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கனவின் தெய்வம் மார்ஃபியஸின் பெயரை வைத்திருந்தார். அந்தச் சாரம் மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பது 1973இல்தான் தெரிந்தது. கான்டஸ் பெர்ட்டும் ஸாலமன் ஸ்னைடரும், தனித்தனியே நியூயார்க்கில் எரிக் ஸைமனும் ஸ்வீடனில் லார்ஸ் டெரினியஸும், நரம்பு அணுக்களின் மேல் அபினுக்கென்றே அமைந்த ஏற்பிகளைக் கண்டார்கள். பூட்டு இருக்கிறது, செடியின் சாறுக்காகவா உடம்பு ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்கும்? உடம்பே சாவியைச் செய்ய வேண்டும். 1975இல் ஸ்காட்லாந்து அபெர்டீனில் ஜான் ஹ்யூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளை அரைத்து வடித்து அந்தச் சாவியைக் கையில் எடுத்தார்கள். என்கெஃபலின். அதைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்று கினி எலியின் குடல் துண்டு. அபின் வகை எதுவானாலும் குடலின் துடிப்பை அடக்கும். நம் வைத்தியர்களும் கோலரிட்ஜும் அறிந்த அதே வயிற்றுச் சமாசாரம்தான் மூளையின் ரகசியத்துக்கு அளவுகோலாயிற்று. அடுத்து எண்டார்ஃபின், உள்ளே பிறக்கும் மார்ஃபின் என்பதன் சுருக்கம். அடுத்து டைனார்ஃபின்.

அதே 1973இல் இன்னொன்றும் நடந்தது. ஆஸ்லோவில் முயலின் மூளையில் ப்ளிஸ், லோமோ என்ற இருவர், நரம்புப் பாதையை ஒருமுறை பலமாகத் தூண்டினால் அதன் இணைப்புகள் வெகுநேரம் வலுப்பட்டு நிற்பதைக் காட்டினார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர். ஞாபகம் என்பது நரம்பணுக்களிடையே இணைப்பு பலப்படுவது என்ற வெகுகால ஊகத்துக்கு இதுதான் முதல் திடமான ஆதாரம். அபினின் கதையும் ஞாபகத்தின் கதையும் இப்படி ஒரே வருஷத்தில், ஒன்றையொன்று அறியாமல், பக்கத்து அறைகளில் தொடங்கின.

சுவர் இடிய அதிக காலம் ஆகவில்லை. 1978இல் காலகரும் காப்பும் எலிக்கு ஒரு பாடம் கற்பித்தார்கள். இந்தப் பக்கம் போனால் அதிர்ச்சி கிடைக்கும் என்கிற எளிய பாடம். கற்ற உடனே அமிக்டலாவில், வாதுமைக் கொட்டை வடிவமான பயத்தின் இருப்பிடத்தில், அபின் வகை மருந்து செலுத்தினால் எலி பாடத்தை மறந்தது. அபினைத் தடுக்கும் நலோக்ஸோனைச் செலுத்தினால் நன்றாக நினைவு வைத்துக்கொண்டது. மருந்து பாடத்துக்குப் பின்னால் தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கற்கும்போது எலி தெளிவாகத்தான் இருந்தது. கற்றது உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நிமிஷங்களில்தான் அபின் கை வைக்கிறது. நலோக்ஸோன் தனியாகவே ஞாபகத்தைக் கூட்டுகிறதென்றால், மூளை தன் சொந்த அபினைச் சுரந்து நம் ஞாபகத்தை எப்போதுமே சற்று மங்கலாக்கிக்கொண்டிருக்கிறது என்று ஆகிறது. எல்லாவற்றையும் முழுக் கூர்மையோடு வைத்துக்கொள்ளாமல் இருக்க உடம்பே ஒரு ஹெலனை வைத்திருக்கிறது.

பிரேஸிலின் இவான் இஸ்கியர்டோ இதை இன்னொரு திருப்பத்துக்குக் கொண்டுபோனார். மருந்தின் கீழ் கற்றது மருந்தின் கீழ்தான் நன்றாகத் திரும்பி வருகிறது. நிலை மாறினால் வழி மூடிக்கொள்கிறது. எலிகளிலும் சுண்டெலிகளிலும் மார்ஃபினுக்கு இது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. குப்ளா கானின் மிச்ச வரிகள் எங்கே போயின என்பதற்கு ஆள் அனுப்ப வேண்டியது போர்லாக்குக்கு அல்ல. டி க்வின்ஸிக்குச் சிறுபிராயம் அபினில் திரும்பிவந்தது எப்படி என்பதை இது தீர்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவர் சிறுபிராயத்தில் அபின் தின்றவரல்ல. ஆனால் கனவில் வந்த ஒரு காட்சி ஞாபகமா, ஞாபகத்தின் வேஷமிட்ட கற்பனையா என்று அவருக்கே தெரிய வழியில்லை. தோல் ஏடு என்ற உவமையின் அழகுதான் நம்மை நம்பவைத்தது. ஞாபகம் ஏடல்ல, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது இளகி மறுபடி உறைகிறது என்று இன்று தெரியும்.

நீண்டநாள் அபின் வகை எடுத்தால் ஹிப்போகாம்பஸ் என்ன ஆகிறது என்பதில் விலங்குச் சோதனைகள் கடுமையாகவே இருக்கின்றன. வளர்ந்த எலிகளின் மூளையில் அங்கே புதிதாகப் பிறக்கும் நரம்பணுக்களை மார்ஃபின் குறைக்கிறது என்று 2000இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொல்லிற்று. 2002இல் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டது விசித்திரமானது. மார்ஃபினுக்குப் பழகிய எலியில் ப்ளிஸும் லோமோவும் கண்ட அந்த வலுப்படுதல் குன்றியது, வழி கற்கும் திறனும் குன்றியது. மறுபடி மார்ஃபின் கொடுத்தால் சரியாயிற்று. கற்பதற்கே மருந்து வேண்டும் என்ற நிலைக்கு மூளை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. மாஸசூஸெட்ஸில் 2012க்கும் 2016க்கும் இடையில் 14 பேர் திடீரென்று புதிய ஞாபகமே உண்டாகாத நிலையில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். படமெடுத்துப் பார்த்தால் இருபுறத்து ஹிப்போகாம்பஸும் ரத்தமில்லாமல் அடிபட்டிருந்தன. அநேகமாக எல்லோரும் அபின் வகை உபயோகித்தவர்கள். இது அபூர்வம். இதைக் காட்டி எல்லாரையும் பயமுறுத்துவதில் எனக்கு இஷ்டமில்லை. மூளை அழுகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வார்த்தைக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

இதைவிட முக்கியமானது எதிர்த் திசையில் நடப்பது. இத்தனையையும் மங்கவைக்கும் அதே பொருள் ஒரு ஞாபகத்தை மட்டும் கல்லில் வெட்டுகிறது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் இருக்கின்றன. எதிர்பாராத நன்மை வந்தால் அவை துடித்து, இதைக் கற்றுக்கொள், மறுபடி வா என்று மூளைக்குச் சொல்கின்றன. அவற்றின்மேல் எப்போதும் கடிவாளம் பிடித்தபடி வேறு அணுக்கள் உண்டு. மார்ஃபின் கடிவாளம் பிடித்தவனைத் தூங்கவைக்கிறது. 1992இல் ஜான்ஸனும் நார்த்தும் இதைக் காட்டினார்கள். குதிரை ஓடுகிறது. 2007இல் ஜூலி காவரின் குழு, ஒரே ஒரு தடவை மார்ஃபின் கொடுத்த எலியில் மறுநாளும் அந்தக் கடிவாளம் தன்னை இறுக்கிக்கொள்ள முடியாமல் இருந்ததைக் கண்டது. இப்படி, உண்மையில் எந்த நன்மையும் நிகழாமலேயே, மகத்தான ஒன்று நிகழ்ந்துவிட்டதாக மூளை பாடம் எழுதிக்கொள்கிறது. அறை, வெளிச்சம், கூட இருந்தவன், தீக்குச்சி உரசிய ஓசை எல்லாம் அந்தப் பாடத்தின் பகுதிகள். ஸ்டீவன் ஹைமன் 2005இல் இதை ஞாபகமும் கற்றலும் சம்பந்தப்பட்ட வியாதி என்றே பெயரிட்டு எழுதினார். ஸ்மரன் என்று பெயர் வைத்தவனுக்கு இதைப் படித்துக்காட்டியிருக்கலாம்.

இடம் என்பது எவ்வளவு ஆழமாக இதில் எழுதப்படுகிறது என்பதற்கு ஷெப்பர்ட் ஸீகலின் எலிகளைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மார்ஃபினுக்கு உடம்பு பழகிப்போவதே பாதி கல்விதான் என்று 1975இல் அவர் வாதித்தார். ஒரே அறையில் தொடர்ந்து ஊசி பெற்ற எலி, அந்த அறைக்குள் வந்ததுமே மருந்தை எதிர்கொள்ள உடம்பைத் தயார்செய்துகொள்கிறது. 1982இல் ஹெராயினை வைத்துச் செய்த சோதனை பிரசித்தம். பெரிய அளவு மருந்து, எல்லா எலிக்கும் ஒரே அளவு. முன்பின் மருந்தே அறியாத எலிகளில் 100க்கு 96 செத்தன. பழகிய எலிகளுக்குப் பழகிய அறையிலேயே கொடுத்தபோது 32 செத்தன. அதே பழக்கமுள்ள எலிகளுக்கு வேறு அறையில் கொடுத்தபோது 64. இரண்டு மடங்கு சாவு, சுவர் மாறியதால்.

வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இதன் மறுபக்கம். 1971இல் திரும்பியவர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாயிருந்ததாகச் சொன்னார். ஊரே நடுங்கிற்று. லீ ராபின்ஸ் தேடிப்போய் விசாரித்தபோது, அப்படி அடிமையாயிருந்தவர்களில் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர் 20 பேரில் ஒருவர்தான். கடல் தாண்டி வந்ததில் பாடத்தின் சுவர்களெல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. நம் ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. சிகிச்சை முடிந்து ஒருவன் இறங்குவது அதே பஸ் நிலையத்தில், திரும்புவது அதே சந்தில், எதிர்ப்படுவது அதே முகங்கள். இடைப்பட்ட மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி போய்விட்டது, பழைய அளவு மட்டும் கைக்கு ஞாபகமிருக்கிறது. சிறையிலிருந்தும் சிகிச்சையிலிருந்தும் வெளிவந்த முதல் சில வாரங்களில் சாவு மிகுவது உலகமெங்கும் காணப்பட்ட ஒன்று.

இது தூரத்து விஷயமுமல்ல. 1980களில் சென்னையில் பிரவுன் ஷுகர் வந்தது. 90களில் அதன் இடத்தில் ப்யூப்ரனார்ஃபின் ஊசி, அதோடு ஊசி வழியே பரவிய எச்.ஐ.வி. இப்போது டபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் செய்தி வராத மாதமில்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கு, நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் ஏதோ ஒரு அபின் வகையை எடுப்பதாகச் சொல்கிறது. இன்னொரு புறம், சட்டப்படி அபின் விளைவித்து உலகத்துக்கே மருந்துச் சரக்கு அனுப்பும் இந்த நாட்டில் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது அரிது. 1985 சட்டத்தின் உரிமக் கெடுபிடிக்குப் பயந்து மருந்துக் கடைகள் அதை வைப்பதையே விட்டன. கேரளத்தில் ராஜகோபால் போன்ற மருத்துவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் சமவெளியின் சின்ன ஊர்களில் பெரிய மாற்றமில்லை. பழக்கமாகிவிடும் என்று வீட்டார் பயப்படுகிறார்கள், சாகப் போகிறவருக்கு.

ஹெலனின் மருந்துக்கு இங்கேதான் நியாயமான இடம். இராக்கில் காயமடைந்த 696 அமெரிக்கச் சிப்பாய்களின் பதிவுகளை 2010இல் ஒரு குழு பார்த்தது. பின்னாளில் அந்தக் காயத்தின் பீதியிலேயே உழன்றவர்களில் 61 சதவீதத்துக்கு ஆரம்ப சிகிச்சையில் மார்ஃபின் கிடைத்திருந்தது; அந்தப் பீதி தொற்றாதவர்களில் 76 சதவீதத்துக்கு. காரணம் இதுதான் என்று சாதிக்க முடியாத வகை ஆராய்ச்சி. ஆனாலும் காலகரின் எலி ஞாபகத்துக்கு வருகிறது: பயம் உறைவதற்கு முன் அமிக்டலாவில் இறங்கிய துளி.

உறைந்துவிட்ட பாடத்தை என்ன செய்வது என்பதற்கு 2012இல் பெய்ஜிங்கில் ஒரு முயற்சி நடந்தது. ஹெராயினை விட்டவர்களுக்கு முதலில் சில நிமிஷம் அந்தப் பழக்கத்தின் காட்சியை ஒரு படமாகக் காட்டினார்கள். ஞாபகம் கிளம்பிற்று, இளகிற்று. பத்து நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு ஊசி, பொடி, தாள் என்று அந்தப் பொருள்களையே திரும்பத் திரும்ப, எதுவும் நிகழாமல், அலுப்புத் தட்டும்வரை காட்டினார்கள். மருந்து ஏதும் இல்லை. வேளை பார்த்து நினைக்கவைத்தது மட்டும்தான். பத்து நிமிஷ இடைவெளி விட்டவர்களுக்கு, பழைய காட்சியைக் கண்டால் எழும் வேட்கை குறைந்திருந்தது. 180 நாள் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே இருந்தது. ஆறு மணி நேரம் இடைவெளி விட்டவர்களுக்குக் குறையவில்லை.